அசையாச் சொத்து

ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகனிடமிருந்து சென்ற வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. வழமையாக நலம் விசாரித்து நான்கு வரி எழுதுபவன், இம்முறை இரண்டு பக்கத்துக்குப் புலம்பித் தள்ளியிருந்தான். விடயம் இதுதான். கனடாவில் 2009ஆம் ஆண்டு முதல் 'வரியற்ற சேமிப்புக் கணக்கு' என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு இவ்வளவுதான் போடலாம் என்று அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது (2025இல் அது 7,000 டொலர்). போட்ட பணம் ஈட்டுகின்ற வட்டிக்கு வரி கிடையாது. இவன் பணம் போட்டிருந்த வங்கியைவிட இன்னொரு வங்கி ஒன்றரை சதவீதம் கூடுதலாகத் தருவதை அறிந்து, அங்கே மாற்றிக்கொள்ள முயன்றிருக்கிறான். அங்கேதான் சிக்கல்.

பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து மற்ற வங்கியில் போட்டுவிட முடியாது. எடுத்த தொகைக்குரிய இடம் அடுத்த ஜனவரியில்தான் மீண்டும் திறக்கும். அதற்கு முன் வரம்பு மீறிப் போட்டால், மீறிய தொகைக்கு மாதம் 1 சதவீதம் தண்டம். ஆகவே வங்கியும் வங்கியுமாகவே மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கொரு படிவம், அந்தப் படிவத்தில் ஒரு பிழை, மறுபடி ஒரு படிவம், பழைய வங்கிக்கு ஒரு கட்டணம். இடையில் மூன்று வாரமாகப் பணம் எந்த வங்கியில் இருக்கிறது என்று இரண்டு வங்கிக்குமே தெரியவில்லையாம். "என் காசை நான் இடம் மாற்றுவதற்கு நான் ஏன் மாமா காசு கொடுக்க வேண்டும்?" என்று முடித்திருந்தான்.

நியாயமான கேள்வி. இலண்டன் வாசகர்களும் இதே அனுபவத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கே 1999 ஏப்ரலில் தொடங்கிய வரியற்ற சேமிப்புக் கணக்குகளிலும் பணத்தைத் தாமாக எடுத்துப் போட்டால் வரிச்சலுகை போய்விடும். புதிய வங்கியிடம் படிவம் கொடுத்து அவர்கள் மூலமாகவே இழுக்க வேண்டும். ரொக்கக் கணக்கென்றால் பதினைந்து வேலை நாட்களுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டுமென்று விதி இருக்கிறது. விதி இருப்பதே ஒரு பாக்கியம் அல்லவா?

மருமகனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அது அவனுக்கு மட்டும் எழுதுகிற கடிதமாக இல்லாமற் போனது. ஏனெனில் அவனுடைய சின்னம்மா முறையான ஒருத்தி லுணுகலையில் இருக்கிறாள். அவளும் தன் காசை இடம் மாற்ற முயன்றவள்தான்.

லுணுகலையை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கும், அப்பால் செங்கலடிக்கும் இறங்குகிற ஏ-5 பெருந்தெருவில், ஊவாவின் தேயிலை முடிந்து கிழக்கின் வெக்கை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிற சிறு நகரம். சுற்றிலும் ஹொப்டன், அடாவத்தை, சோலன்ட்ஸ் என்று துரைமார் வைத்துவிட்டுப் போன பெயர்களோடு தோட்டங்கள். அவற்றின் லயங்களில் நான்கைந்து தலைமுறையாக வாழ்பவர்களுக்கு அசையாச் சொத்து என்று ஒன்றும் கிடையாது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, காம்பிரா தோட்டத்தினுடையது. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியும் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீடும் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் பெரும்பாலானோருக்கு இன்னும் லயம்தான்.

அவர்களிடம் உள்ள ஒரே சொத்து அசையும் சொத்து: ஈ.பி.எப். காசு. விந்தை என்னவென்றால், உலகத்தில் எல்லோருக்கும் நிலம் அசையாது, பணம் அசையும். தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் பணமும் அசையாது.

ஊழியர் சேமலாப நிதியை நான் இழிவாகப் பேச வரவில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டின் நல்ல சட்டங்களுள் ஒன்று. தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம், தொழில் கொடுப்பவர் 12 சதவீதம். இதற்குப் புறம்பாக 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 சதவீதம். நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தபோது, அதில் 108 ரூபா தொழிலாளியிடமிருந்தும் 162 ரூபா கம்பனியிடமிருந்தும் சேமலாப நிதிக்குப் போகக் கணக்காகியது. ஒரு நாள் கொழுந்துக்கு 270 ரூபா சேமிப்பு. கூடையைச் சுமந்து மலையேறுகிறவளுக்கு வேறு எந்தச் சட்டமும் இவ்வளவு செய்ததில்லை.

ஆனால் அந்த 270 ரூபா எங்கே போகிறது, யார் கையாளுகிறார்கள், என்ன வட்டிக்கு என்று கேட்கும் உரிமை அவளுக்கு இல்லை. தொழில் திணைக்களம் நிருவகிக்கிறது. மத்திய வங்கி முதலிடுகிறது. பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாக அரசாங்கத்துக்கே கடனாகக் கொடுக்கப்படுகிறது. அதாவது நாட்டின் மிகப் பெரிய கடன்காரனுக்கு, கேட்காமலே கடன் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த லயத்து மனிதர்கள். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதாகி வேலையை விட்டால்தான் பணம் கைக்கு வரும். இல்லையென்றால் சாக வேண்டும், நிரந்தரமாக முடமாக வேண்டும், நாட்டைவிட்டுப் போக வேண்டும். பெண்ணென்றால் கலியாணம் கட்டி வேலையை விடலாம். இடையில் 30 சதவீதம் எடுக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. ஆனால் பத்தாண்டு சேவையும் மூன்று இலட்சம் ரூபா மீதியும் வேண்டும். வீட்டுக்கென்றால் காணிப் பத்திரமும் வேண்டும். லயத்து மனிதன் காணிப் பத்திரத்துக்கு எங்கே போவான்? அசையாச் சொத்து இல்லாதவனுக்கு அசையும் சொத்தும் கிடையாது என்பதுதான் இதன் பொருள்.

இனி 2022க்கு வருவோம். அந்த ஆண்டை இலங்கையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். எரிவாயு வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, இருளில் பன்னிரண்டு மணித்தியாலம். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வங்கிகள் நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் கொடுக்கத் தொடங்கின. திறைசேரி உண்டியல்கள் 30 சதவீதத்தைத் தாண்டின. வசதி படைத்தவர்கள் காலையில் ஒரு வங்கி, மாலையில் ஒரு வங்கி என்று பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளம் வரும்போது மேட்டுக்கு ஓடுவது மனித இயல்பு.

அந்த ஆண்டுக்கு ஊழியர் சேமலாப நிதி கொடுத்த வட்டி 9 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தொழிலாளியின் பெயரில் ஐந்து இலட்சம் இருந்தால் 45,000 ரூபா வட்டி. அதே ஐந்து இலட்சத்தை 20 சதவீத வைப்பில் இட முடிந்திருந்தால் ஓர் இலட்சம். வித்தியாசம் 55,000. அன்றைய 1,000 ரூபா நாட்சம்பளத்தில் ஐம்பத்தைந்து நாள் வேலை. அட்டைக் கடியோடு ஐம்பத்தைந்து நாள்! அதை யாரும் திருடவில்லை. திருடியிருந்தால் பொலிசுக்காவது போகலாம்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் இன்னும் கொடுமை. 2023 ஜூன் மாத இறுதியில் ஐந்து நாள் தொடர் விடுமுறை. ஜூன் 30ஆம் திகதியை விசேட வங்கி விடுமுறையாகவே அறிவித்தார்கள். வங்கிகள் பூட்டிக் கிடக்கையில், ஜூலை முதலாந் திகதி, ஒரு சனிக்கிழமையில், பாராளுமன்றம் கூடி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு அனுமதி கொடுத்தது. ஓய்வூதிய நிதியங்களிடம் உள்ள திறைசேரி முறிகளை, 2026 வரை 12 சதவீதமும் அதற்குப் பின் 9 சதவீதமும் தரும் நீண்ட கால முறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால்? நிதியத்தின் வருமானத்துக்கு அதுவரை இருந்த 14 சதவீத வரி 30 சதவீதமாகும். இதற்கு 'விருப்பத் தெரிவு' என்று பெயர்! வழியில் கத்தியோடு நிற்பவனும் இரண்டு தெரிவு கொடுக்கத்தான் செய்கிறான். செப்டெம்பரில் நிதியம் சம்மதித்தது. யாருடைய சம்மதத்தில்? லுணுகலையில் எந்தத் தோட்டத்திலாவது பெரட்டுக்களத்தில் வைத்து யாரிடமாவது கேட்டார்களா?

மறுபக்கத்து வாதத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பத்திரிகையாளன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. வங்கிகள் ஏற்கெனவே கூடிய வரி கட்டுகின்றன, அவற்றின் மேல் இன்னும் சுமத்தினால் வைப்பாளர்களின் பணத்துக்கே ஆபத்து என்றது அரசு. உறுப்பினர்களுக்கு 9 சதவீதம் குறையாது என்று உறுதியும் தந்தது. 2023ஆம் ஆண்டுக்கு 13 சதவீதம் கொடுத்தார்கள். அவ்வாண்டு டிசெம்பரில் பணவீக்கம் 4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. 2024 செப்டெம்பரிலிருந்து சில மாதங்கள் விலைகள் முந்திய ஆண்டைவிடக் குறைந்தே இருந்தன. ஆகவே பிந்திய ஆண்டுகளில் அந்த வட்டி விலைவாசியைத் தாண்டியது உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2022இல் இருமடங்கான அரிசி விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. உருகிப்போன சேமிப்பு மறுபடி உறையவில்லை. வெள்ளம் வடிந்துவிட்டது என்பதற்காக, வெள்ளத்தில் போன மாட்டுக்குக் கணக்கு இல்லையா?

தவிர, வட்டி வீதத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பணம் யாருடையது? 2015 பெப்ரவரி 27ஆம் திகதிய முறி ஏல விவகாரம் நினைவிருக்கும். ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை 2017 டிசெம்பரில் கையளிக்கப்பட்டது. முதலில் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கக்கூடிய முறிகள், கை மாறிக் கை மாறிக் கூடிய விலைக்கு இந்த நிதியத்தின் தலையிலேயே வந்து விடிந்தன. கொழும்பில் அது அரசியற் புயல். லயத்தில் அது வானொலிச் செய்தி. தம் பணம்தான் அங்கே ஆடுகிறது என்று எடுத்துச் சொல்ல, செக்ரோலில் மாதந்தவறாமல் சந்தா பிடிக்கத் தெரிந்த நம் தொழிற்சங்கங்களில் எத்தனை மலையேறின? கட்டுநாயக்காவின் தையல் தொழிலாளர்கள் 2011 மே 30ஆம் திகதி, சேமலாப நிதியைத் தொட வந்த ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். பொலிஸ் சூட்டில் ரொஷேன் சானக என்ற இளைஞன் உயிரிழந்தான். சட்டமூலம் திரும்பிப் போனது. 2023இல் அப்படி எதுவும் நடக்கவில்லை. பசித்தவர்களுக்கு அன்றைய பசிதான் பெரிது. நாளைய சோற்றை யார் எடுத்தால் என்ன என்று இருந்துவிட்டார்கள்.

(மலையகத் தொழிலாளியின் சேமலாப நிதி ஒரேயொரு முறை பெருமளவில் 'இடம் மாறியது'. 1964 அக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட இருந்தவர்கள் 5,25,000 பேர். அவர்கள் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உடன் கொண்டுபோகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சத் தொகையை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கக்கூடாது என்றும் எழுதியிருந்தது. மனிதனை மூட்டை கட்டி அனுப்பும்போதுதான் அவனுடைய காசு அசைய அனுமதி கிடைத்தது.)

இனி என் தங்கச்சியின் கதை. தங்கச்சி என்றால் சித்தப்பா மகள். முப்பத்து நான்கு வருடம் கொழுந்து பறித்தவள். பணத்தை எடுப்பதற்கே அவள் பட்ட பாடு தனிக்கதை. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவதாக ஒரு பெயர். மூன்றும் ஒரே பெயர்தான். மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் படித்தவர்கள், தண்டனை படிக்காதவளுக்கு. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது இவளைப் போன்றவர்களுக்கு இலக்கமும் மாறியது. ஓர் அலுவலகத்தில் பழைய இலக்கத்துக்கும் புதிய இலக்கத்துக்கும் முடிச்சுப் போட ஐந்து முறை பஸ் ஏறினாள். பசறைப் பாதையில் பஸ் ஏறுவது சும்மா காரியமல்ல. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் 13ஆம் கட்டைக்கருகே பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பாதை அது.

கடைசியில் பணம் வந்தது. கடன் அடைத்து, கூரைக்குத் தகரம் போட்டு, மீதி நான்கு இலட்சத்தை ஒரு வங்கியில் நிலையான வைப்பில் இட்டாள். 2022 மார்ச் மாதம். "ஐந்து வருசத்துக்குப் போட்டால் கூட வட்டி, அம்மே" என்று அங்கிருந்த பிள்ளை சொன்னதாம். எட்டரை சதவீதம். வருடத்துக்கு 34,000 ரூபா. மாதத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். பேத்தியின் வகுப்புக் காசு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அந்தப் பிள்ளையையும் நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த மாதமே வட்டி ஏழு புள்ளி ஏறும் என்று அந்தக் கவுண்டரில் இருந்தவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அந்த ஆண்டு டிசெம்பரில், சந்தையில் யாரோ இருபது, இருபத்திரண்டு என்று பேசுவதைக் கேட்டு, வைப்புப் பத்திரத்தைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு வங்கிக்குப் போயிருக்கிறாள். முறித்தால் வட்டி வெட்டுப்படும் என்றார்கள். ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கையெழுத்துக்குரிய இடத்தை மட்டும் விரலால் காட்டினார்கள். எதற்குக் கையெழுத்து என்று விளங்காமல், இருப்பதும் போய்விடுமோ என்று பயந்து, திரும்பி வந்துவிட்டாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்பது மாத வட்டியை எட்டரையிலிருந்து சேமிப்புக் கணக்கின் நாலுக்குக் குறைத்திருந்தாலும் வெட்டு 13,500 ரூபா. வேறிடத்தில் 20 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் முதல் வருடத்தில் மட்டும் கூடுதலாக 46,000. வெட்டுப்போக 32,500 ரூபா அவள் கையில் மிஞ்சியிருக்கும். இந்தக் கணக்கை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்ட இரண்டு நிமிடம் போதும். யாரும் காட்டவில்லை.

யாரும் என்றால் நானும்தான். அதே டிசெம்பரில், கொழும்பில், என் சிறிய வைப்பை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றினேன். அரை மணித்தியாலம் ஆனது, தேநீர்கூடத் தந்தார்கள். லுணுகலைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க எனக்குத் தோன்றவில்லை. வட்டி வீதங்களைப் பற்றிப் பத்தி எழுதித் தள்ளியவன் நான்! பிறகு ஒரு தைப்பொங்கலுக்கு ஊர் போனபோதுதான் பத்திரத்தைக் கண்டேன். "ஏன் அப்பவே எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்க வேலையா இருப்பீங்கண்ணே" என்றாள். இரவு முழுக்க அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குள் ஜன்னல் மூடிவிட்டது. 2023 ஜூனிலிருந்து வட்டி வீதங்கள் இறங்கத் தொடங்கியிருந்தன.

இதோடு முடியவில்லை. 2023 ஜனவரியிலிருந்து வைப்பு வட்டியில் 5 சதவீத நிறுத்திவைப்பு வரி; 2025 ஏப்ரலிலிருந்து 10 சதவீதம். மாதம் 283 ரூபா. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர் வருமான வரி கட்டத் தேவையில்லை. இவளுடைய வட்டி அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருந்தும் பிடித்துவிடுவார்கள், வேண்டாமென்றால் 'நான் வரிக்குரியவள் அல்லள்' என்று இவள்தான் பிரகடனம் கொடுக்க வேண்டும். ஏழை என்று அரசுக்குச் சத்தியக் கடதாசி! பணக்காரன் தன் வருமானத்தை மறைக்கும்போது தேடிக் கண்டுபிடிக்க மாட்டாத திணைக்களம், இல்லாதவளிடம் இல்லை என்று எழுதித் தா என்கிறது. 2025இல் அவளோடு நானே போனேன். கைக்காசு வேலை ஒரு நாள் போனது, பஸ் காசு போனது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை நிரப்பியபோது, எங்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு பெண்கள் அதே கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து படிவம் நிரப்பினேன். பழைய பழக்கம், எழுத்துவேலை என்றால் கை தானாக ஓடுகிறது.

மூத்த பிரசைகளுக்கு 15 சதவீத விசேட வட்டி என்று ஒன்று இருந்தது. 2022 அக்டோபரில், அது அவர்களுக்கு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், நிறுத்தினார்கள். பின்னர் 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், பத்து இலட்சம் வரையிலான வைப்புக்கு 3 சதவீதம் கூடுதலாகத் தருவதென்று மீண்டும் கொண்டுவந்தார்கள். நல்லதுதான். ஆனால் அது 60 வயதுக்கு. சேமலாப நிதி பெண்ணின் கைக்கு வருவது 50இல். இடைப்பட்ட பத்தாண்டு அவள் இளமையாக இருக்கிறாளென்று நினைத்தார்களோ என்னவோ.

பணத்தை நகர்த்தும் உரிமை தொழிலாளிக்குக் கூடாது, கொடுத்தால் சூதாடித் தொலைத்துவிடுவான் என்று வாதிடுகிற பொருளியல் அறிஞர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவுஸ்திரேலியாவில் 2005 ஜூலையிலிருந்து தொழிலாளி தன் ஓய்வூதிய நிதியத்தைத் தானே தெரிவு செய்கிறார். ஹொங்கொங்கில் 2012 நவம்பரிலிருந்து தம் பங்கை ஆண்டுக்கு ஒரு முறை வேறு திட்டத்துக்கு மாற்றலாம். மலேசியாவின் சேமநிதியில், நம்மைப் போலவே தோட்டத்திலிருந்து வந்த தமிழர்களும் தம் சேமிப்பில் ஒரு பகுதியை அங்கீகரிக்கப்பட்ட முதலீடுகளுக்குத் திருப்பலாம். அங்கெல்லாம் தொழிலாளிகள் தெருவுக்கு வந்துவிடவில்லை. சரி, அவ்வளவு தூரம் வேண்டாம். என் பேராசை சிறியது. வரி வரம்பை எட்ட வழியே இல்லாத சிறு வைப்பாளரிடம் முதலிலேயே வரியைப் பிடிக்காதீர்கள்; பெரிய வைப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வைப்பை முறித்தால் எவ்வளவு வெட்டு, முறிக்காவிட்டால் எவ்வளவு நட்டம் என்ற இரண்டு எண்களைத் தமிழில் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டுமென்று மத்திய வங்கி ஓர் உத்தரவு போடட்டும். தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. லுணுகலை வங்கிக் கவுண்டருக்கு அது வந்து சேர எத்தனை பஸ் மாற வேண்டும்? சேமலாப நிதியின் பணத்தைத் தொடும் எந்த முடிவும், அதை எடுக்கும் மேசையில் தோட்டத்திலிருந்து போன ஒருவரேனும் உட்காராமல் எடுக்கப்படக்கூடாது. கோட் போட்ட பிரதிநிதி வேண்டாம். கைவிரலில் கொழுந்துக் கறை உள்ள ஒருவர்.

மருமகனே, உனக்கு வருகிறேன். நீ கேட்டது சரிதான். உன் காசை நகர்த்த நீ காசு கொடுக்கக்கூடாது. பணத்தை நீயாக வெளியே எடுத்துவிடாதே, ஜனவரி வரை மாட்டிக்கொள்வாய். புதிய வங்கியிடமே அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டுப் பார். வாடிக்கையாளர் வேண்டுமென்றால் தருவார்கள். உன் சின்னம்மாவின் வைப்பு 2027 மார்ச்சில் முதிர்கிறது. அன்றைக்கு நாம் அங்கே நிற்காவிட்டால் அது தானாகவே இன்னோர் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டுவிடும் என்று பத்திரத்தின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்த மாதத்து நாட்காட்டி வந்ததும் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவேன். எனக்கு மறந்துவிட்டால் நீ அங்கிருந்து ஓர் அழைப்பு எடு.